வாஃபிள் கடைக்கு மூன்று உபயகாரர்

1

என் மகள் சாரா விளையாடும் கால்பந்து அணியின் பயிற்சியாளர் இங்ரிட்டிடமிருந்து அந்தச் செய்தி வந்தபோது நான் வேலையில் நின்றேன். முதியோர் இல்லத்தில் ஒரு கிழவரின் காலுக்குக் காலுறை மாட்டிக்கொண்டிருந்தேன். போன் அதிர்ந்தது. பொறுமை என்பது எனக்குப் பிறவியிலேயே இல்லை. கிழவரை ஒரு காலுறையோடு இருத்திவிட்டு எடுத்துப் பார்த்தேன்.

"ஜெசிந்தா, மே மாதத்து முதல் ஞாயிறு வாஃபிள் கடைக்கு மூன்று பேர் புதிதாகப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். எங்களுக்கு மிகவும் சந்தோஷம்! ஆனால் அந்த எழுத்தை எங்கள் ஒருவராலும் வாசிக்க முடியவில்லை. இவர்கள் யாருடைய பெற்றோர்? பொலிஸ் சான்றிதழ் கொடுத்துவிட்டார்களா?"

கீழே அட்டவணையின் படம். ஞாயிற்றுக்கிழமைக்கு நேரே, நல்ல தமிழில், ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று பெயர்கள்.

ரபீக் ஐஸ், கிண்ணியா.
மகேஸ் டெய்லர்ஸ், உட்துறைமுக வீதி.
ரெஜினா, உப்புவெளி.

"ஐயோ கடவுளே!" என்று தமிழில் கத்திவிட்டேன். கிழவர் பயந்துபோய், யாரும் செத்துவிட்டார்களா என்று கேட்டார்.

"இல்லை. மூன்று பேரும் உயிரோடுதான் இருக்கிறார்கள். அதுதான் தொல்லை" என்றேன்.

2

ஊரில் இருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு இந்த வாஃபிள் கடை என்னவென்று சொல்லாமல் மேலே போக முடியாது. நான் இருக்கிற இந்த பெர்கன் நகரத்தில், நோர்வே முழுவதிலும்தான், பிள்ளைகளின் விளையாட்டுக் கழகங்களைப் பெற்றோர்தான் இழுத்துக்கொண்டு போக வேண்டும். எங்கள் சிரமதானம் மாதிரி. ஆனால் எங்கள் சிரமதானத்துக்குப் போகாவிட்டால் இரண்டு நாள் முகத்தைத் திருப்புவார்கள், மூன்றாம் நாள் மறந்துவிடுவார்கள். இங்கே அட்டவணை போட்டு, ஞாபகமூட்டி, நன்றி சொல்லி, சிரித்துச் சிரித்தே உயிரை வாங்குவார்கள். மைதானத்தின் ஓரத்தில் ஒரு மரக்கூடு. அதற்குள் நின்று மாவும் முட்டையும் பாலும் கரைத்து, சூடான அச்சில் ஊற்றி, சுட்டு, ஜாம் பூசி விற்க வேண்டும். அதுதான் வாஃபிள் கடை. மழை, காற்று, குளிர், ஒன்றுக்கும் விடுமுறை கிடையாது.

சாரா ஏழு வயதில் கழகத்தில் சேர்ந்தபோது பெற்றோர் கூட்டத்துக்குப் போனேன். சாராவின் தகப்பனும் நானும் அப்போதே பிரிந்துவிட்டோம். எல்லாவற்றுக்கும் நான் ஒருத்தி. எனக்கு மொழி அரைகுறை. கூட்டத்தில் எல்லோரும் திடீரென்று என்னைப் பார்த்து ஏதோ கேட்டார்கள். விளங்கவில்லை என்று சொல்ல வெட்கம். தலையை ஆட்டினேன். கை தட்டினார்கள். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது நான் வாஃபிள் கடை அட்டவணைக்குப் பொறுப்பாளர்.

அட்டவணை கணினியில். நானோ அந்த நாட்களில் ஓர் அலுவலகத்தில் துப்புரவு வேலை செய்துகொண்டிருந்தேன். எத்தனையோ கணினிகளைத் துடைத்திருக்கிறேன், ஒன்றையும் திறந்ததில்லை. பிள்ளையின் மானம் போய்விடுமே என்ற பயத்தில், பிழை விட்டு, திட்டு வாங்கி, அந்த அட்டவணையோடு மாரடித்துத்தான் நான் கணினி படித்தேன். பாடசாலை, வகுப்பு, சான்றிதழ் ஒன்றும் இல்லை. பந்துக்குப் பின்னால் ஓடிப் படித்த படிப்பு.

இப்போது சாராவுக்குப் பதினைந்து வயது. அணியின் கோல் காப்பாளர். நான் தமிழில் கேட்பேன், அவள் நோர்வேஜிய மொழியில் பதில் சொல்லுவாள். எல்லாம் விளங்கும், வாய்தான் திறவாது. மைதானத்தில் "பிடி சாரா, பிடி!" என்று நான் கத்தினால் முகம் சிவந்துவிடும். மற்ற அம்மாமார் கையைத்தானே தட்டுகிறார்கள், நீ மட்டும் ஏன் என் பெயரைக் கத்துகிறாய் என்று சண்டைக்கு வருவாள். கையைத் தட்டினால் பந்து நிற்குமா? கேட்டுவிட்டேன். அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு வருடமும் ஊருக்கு வருகிறேன் என்று சொல்லுவேன். விமானச் சீட்டுப் பக்கத்தைத் திறப்பேன், இரண்டு பேரின் பெயரையும் நிரப்புவேன், கடைசிப் பொத்தானுக்கு வந்ததும் கையை எடுத்துவிடுவேன். ஒரு வருடம் லீவு இல்லை. ஒரு வருடம் கடவுச்சீட்டுப் புதுப்பிக்கவில்லை. ஒரு வருடம் காரணமே இல்லை. போன இடத்தில் இருக்கவும் முடியாமல், திரும்பி வந்த இடத்தில் மனம் நிற்கவும் நிற்காமல் போய்விட்டால் என்ன செய்வது? பெர்கனுக்கு வந்து இறங்கிய நாள் வருடாவருடம் வரும். அன்றைக்குப் புட்டு அவித்துவிட்டு யன்னலுக்கும் கதவுக்கும் இடையில் நடந்துகொண்டிருப்பேன். சாரா காதில் பாட்டைப் போட்டுக்கொண்டு புட்டைச் சீனியோடு சாப்பிடுவாள்.

3

ரெஜினா என் தங்கை. திருகோணமலை உப்புவெளியில் எங்கள் அப்பா அம்மாவின் வீட்டில் இருக்கிறாள். வீட்டில் மூன்று அறைகளை வரும் போகும் பயணிகளுக்கு விடுகிறாள். அவளுடைய கணவர் அன்ரன் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவர். வீட்டுக்கு வந்தால் சாப்பாடு, நித்திரை.

யார் எந்த அறைக்கு எப்போது வருகிறார்கள் என்பதையெல்லாம் ரெஜினா மண்டைக்குள்ளேயே வைத்திருந்தாள். நீண்டகாலம் அது சரியாகத்தான் ஓடியது. போன வருடம் பருவகாலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, முன் அறைக்குக் கண்டியில் இருந்து ஒரு குடும்பம் வந்து இறங்கியது. பெட்டிகளை உள்ளே வைத்து முடியவில்லை, கொழும்பில் இருந்து இன்னொரு குடும்பம், அதே அறைக்கு. வாசலில் ஒரே சத்தம். ரெஜினா தன் கட்டிலைக் கொடுத்துவிட்டு, அவளும் அன்ரனும் குசினியில் பாய் விரித்தார்கள். வந்தவர்கள் சும்மா போனார்களா? உலகம் முழுக்க வாசிக்கும்படி இணையத்தில் எழுதிவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு ஆட்கள் குறைந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து ஒருவர் வந்தார். வீட்டைக் குத்தகைக்குத் தாருங்கள், நான் கணினி வைத்து நடத்துகிறேன், ரெஜினா இங்கேயே இருந்து சமைக்கலாம் என்றாராம். அன்ரனுக்குச் சரி. தலையிடி இல்லை.

ரெஜினா எனக்குப் போன் எடுத்தாள். அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை.

"அக்கா, என்ட வீட்டு வாசலில நிண்டு நான் ஆக்களை வாங்கோ எண்டு கூப்பிட ஏலாதாம். குசினியில நிண்டு கறி வைக்கட்டாம். மே மாசத்துக்கு முதல் முடிவு சொல்லோணுமாம்."

"அன்ரன் என்ன சொல்லுறார்?"

"அவர் என்ன சொல்லுவார். கொம்பியூட்டர் தெரியாட்டி வேற என்ன செய்யிறதெண்டு கேக்கிறார். நீங்க பழக்குவீங்களோ? எனக்கு அந்த வீட்டில சமையல்காரியா நிக்க ஏலாது அக்கா. வெளியில போய்த் தெருத் தெருவா இடியப்பம் வித்தாலும் விப்பன்."

அது தை மாதம். பழக்குகிறேன் என்றேன்.

4

மகேஸ் அண்ணனின் தையல் கடையில்தான் கணினியும் நல்ல இணைப்பும் இருந்தன. உட்துறைமுக வீதியில் சின்னக் கடை. பாடசாலைச் சீருடை, கழகங்களுக்கு ஜேர்சி, இவைதான் அவருடைய தொழில். அந்தக் கணினியும் அவருடைய மருமகன் வாங்கி வைத்தது. அண்ணன் அதன்மேல் அளவு நாடாவைத் தொங்கவிட்டிருந்தார். ரெஜினா ஞாயிறு பின்னேரம் அங்கே போய் இருந்தாள். தானும் படிக்கட்டுமா என்று மகேஸ் அண்ணன் கேட்டார். கடைக்கு முன்னால் எப்போதும் லொறியை நிறுத்துகிற ரபீக் நானாவும் வந்து கதிரையை இழுத்துப் போட்டார். அவர் கிண்ணியா ஆள். மீன்காரருக்கு ஐஸ் கொடுக்கிறவர். எனக்கு அது மத்தியானம். வாஃபிள் கடை இல்லாத ஞாயிறுகளில் நான் பெர்கனில், அவர்கள் திருகோணமலையில், நடுவில் திரை.

நான் பாடப்புத்தகம் மாதிரித் தொடங்கினேன். இது கோப்பு, இது கோப்புறை, இப்படித் திறக்க வேண்டும், இப்படிச் சேமிக்க வேண்டும். இரண்டு ஞாயிறு போனது. ரபீக் நானா நல்ல நித்திரை. மகேஸ் அண்ணன் ஒரு காதை எனக்குத் தந்துவிட்டுக் கொலர் வெட்டிக்கொண்டிருந்தார். ரெஜினா மட்டும் கண்ணை இமைக்காமல் பார்த்தாள்.

"மண்டைக்குள்ள போகுதில்ல அக்கா."

"பார், இதில என்ன கஷ்டம்?"

"உங்களுக்குக் கஷ்டமில்ல. எனக்குத்தானே மே மாசம்."

மூன்றாம் ஞாயிறு நான் திரையைத் திறந்தபோது வகுப்பில் அடிபாடு. முதல்நாள் நடந்த கிண்ணியா, பாலையூற்று மட்ச்சில் கிண்ணியா அடித்த கோல் சரியா பிழையா, இப்போது யார் முன்னுக்கு நிற்கிறது என்று. மகேஸ் அண்ணன் பாலையூற்று. கத்தரிக்கோலை ஆட்டி ஆட்டிக் கதைத்தார். ரெஜினா இருவரையும்விட உரத்துக் கத்தினாள்: அவளுக்கு உப்புவெளி. சின்ன வயதில் இருந்தே அப்படித்தான். பூசைக்குப் பிந்தினாலும் மட்ச்சுக்குப் பிந்தமாட்டாள்.

"எல்லாரும் வாயைப் பொத்துங்கோ!" என்று கத்தினேன். "யார் முன்னுக்கு நிக்கிறதெண்டு சண்டை பிடிக்காமல் அதில அடியுங்கோ பாப்பம். டீம் பேர். விளையாடினது. வெண்டது. தோத்தது. கோல்."

அடித்தார்கள். ஒற்றை விரலால், ஒருவர் தோளுக்கு மேலால் மற்றவர் எட்டி. கூட்டுகிற சூத்திரத்தைச் சொல்லிக்கொடுத்தேன். பிறகு வரிசைப்படுத்துகிற பொத்தானை அழுத்தச் சொன்னேன். மேலே நின்ற கிண்ணியா சடாரென்று கீழே இறங்கி, பாலையூற்று மேலே ஏறியது.

ரபீக் நானா எழும்பி நின்றுவிட்டார். "இதென்ன புள்ள, இந்தப் பெட்டி பாலையூத்துக்காரனா?"

"பெட்டிக்கு நியாயம் தெரியும் நானா" என்றார் மகேஸ் அண்ணன்.

"உப்புவெளி எங்க நிக்குது?" என்று ரெஜினா கேட்டாள். உப்புவெளி கடைசியில் நின்றது.

அடுத்த கிழமை ரபீக் நானா நித்திரை கொள்ளவில்லை. அவர்தான் எல்லோருக்கும் முதல் வந்து காத்திருந்தார். பார்த்தால் கிண்ணியா மறுபடி முதலாம் இடம். ஒரு கோல் அடித்த மட்ச்சில் நான்கு கோல் என்று இருந்தது.

"நானா, அண்டைக்கு நாலு கோலா அடிச்சனீங்க?"

"அடிச்சிருக்கணும் தங்கச்சி. நடுவர் விடல்ல."

அன்றைய பாடம், கட்டத்தைப் பூட்டுவது எப்படி. போட்டதை இன்னொருவர் மாற்ற முடியாதபடி பூட்டி வைப்பது. மூன்று பேரில் ரெஜினாதான் முதலில் பிடித்துக்கொண்டாள். கிண்ணியாவின் ஒரு கோலை அவளே பூட்டினாள்.

5

பந்தில் இருந்து தொழிலுக்கு வர அதிக காலம் பிடிக்கவில்லை. ஜேர்சிக்கு இலக்கம், பெயர், அளவு என்று மகேஸ் அண்ணன் தானாகவே பத்திகள் போட்டார். ரபீக் நானா தன் லொறி போகும் இடங்களை வெளியூர் மட்ச் என்று எழுதி நாட்களைப் பிரித்தார். ரெஜினா மட்டும் பந்தை விட்டு அசையவில்லை. எனக்குள்ளே பதற்றம். சித்திரை வந்துகொண்டிருந்தது.

ஒரு நாள் போட்டி நிரல் போடப் பழக்கினேன். இடப்பக்கம் மைதானம், மேலே திகதி, கட்டத்துக்குள் யார் யாரோடு. ஒரே மைதானத்தில் ஒரே நாளில் இரண்டு மட்ச் போட்டால் கட்டம் சிவப்பாகிவிடும்படி செய்து காட்டினேன். ரெஜினா அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கிரவுண்ட் எண்டதை அழிச்சுப்போட்டு முன் றூம் எண்டு அடிச்சா?"

"அடிச்சுப் பார்."

அடித்தாள். பின் அறை, மாடி அறை என்று மற்ற இரண்டையும் அடித்தாள். பிறகு போன வருடத்து அந்த வெள்ளிக்கிழமையைத் தேடி, முன் அறைக்கு நேரே கண்டி என்று போட்டாள், கொழும்பு என்று போட்டாள். கட்டம் சிவந்தது.

அப்படியே கதிரையில் சாய்ந்து சிரித்தாள். கண்ணால் தண்ணீர் வந்தது. "கண்டிக்கும் கொழும்புக்கும் ஒரே கிரவுண்டில மட்ச் வைச்சிருக்கிறன். பிறகேன் அடிபட மாட்டினம்!"

மகேஸ் அண்ணன் மெசினை நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி ஊற்றினார்.

இதற்கிடையில் என் முதுகுக்குப் பின்னால் சாரா போவதும் வருவதும் அவர்களுக்குத் தெரிந்தது. கையுறையோடு ஒரு நாள் போனாள். அவ்வளவுதான். மகள் கோலியா, எத்தனை பிடித்தாள், எத்தனை விட்டாள் என்று கிழமைக்குக் கிழமை விசாரணை. புள்ளி அட்டவணையில் சாராவின் அணிக்கும் ஒரு வரி ஏறியது. சாரா கமராவைக் கண்டால் குனிந்துகொண்டு ஓடுவாள்.

6

பிறகுதான் அந்த வாஃபிள் விசயம். வேலைகளை ஆட்களுக்குப் பிரித்துக்கொடுப்பது எப்படி என்று காட்ட, எங்கள் கழகத்தின் உண்மையான அட்டவணையையே அவர்களுக்கு அனுப்பினேன். பார்க்க மட்டும் என்று நினைத்து அனுப்பினேன். ஊருக்கெல்லாம் பூட்டுப் போடப் படிப்பித்த நான் என் வீட்டைத் திறந்து விட்டிருக்கிறேன்.

அவர்கள் திறந்து பார்த்திருக்கிறார்கள். சனிக்கிழமைகள் எல்லாம் நிரம்பி இருக்க, ஒரு ஞாயிறு மட்டும் வெறுமையாய்க் கிடந்திருக்கிறது. எங்கள் ஆட்களின் கண்ணுக்கு அது என்னவாகத் தெரியும்? கோயில் திருவிழாவில் பத்து நாளின் செலவையும் ஏற்கப் பத்து உபயகாரர். எங்கள் தேவாலயத்து நவநாளில் ஒன்பது நாளும் ஒவ்வொரு குடும்பம். ரபீக் நானாவின் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சிக்கு ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டுக்காரர். ஒரு நாள் பெயரில்லாமல் கிடந்தால் ஊருக்கே வெட்கம். மூன்று பேரும் கலந்து பேசி, பிள்ளையின் அணிக்கு ஒரு நாள் உபயம் நாங்கள் எடுப்போம் என்று பெயரை அடித்துவிட்டார்கள். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உபயத்துக்குக் கேட்டா பெயர் கொடுப்பார்கள்?

இங்ரிட்டின் செய்தி வந்ததற்கு அடுத்த ஞாயிறு நான் திரையில் ஆடிய ஆட்டம் இருக்கிறதே. என் மானம் போச்சு, இந்த நாட்டுக்காரருக்கு நான் என்ன சொல்லுவேன், உடனே அழியுங்கள் என்று கத்தினேன். பொலிஸ் சான்றிதழையும் சொன்னேன். பிள்ளைகளுக்குக் கிட்ட நின்று வேலை செய்கிற யாராக இருந்தாலும் அது வேண்டும், இங்கே அது சாதாரணம் என்றேன்.

"வாஃபிள் சுடப் பொலிஸ் ரிப்போட்டா?" என்றார் ரபீக் நானா. பிறகு கொஞ்சம் குரல் இறங்கி, "நம்மட ஊர்ல பொலிசுக்குப் போறெண்டா வீட்ல அழுதுட்டுத்தான் அனுப்புவாங்க. அங்க சிரிச்சுட்டுக் கேக்குறாங்களா தங்கச்சி?" என்றார்.

"ஓம் நானா. சிரிச்சுக்கொண்டுதான் கேக்கினம்."

"அழியுங்கோ எண்டு சொன்னா அழிக்கிறதுதானே" என்று மகேஸ் அண்ணன் மெதுவாகச் சொன்னார்.

ரெஜினா குறுக்கே விழுந்தாள். "ஏலாது. நவநாளுக்குப் பேர் குடுத்திட்டு யாராவது அழிக்கிறதோ? போட்டாப் போட்டதுதான். நாங்க செய்வம்."

"பெர்கனுக்கு வந்து வாஃபிள் சுடப்போறியோ நீ? உனக்கு வீடு போகப்போகுது, அதைப் பாரடி முதல்!"

சொல்லியிருக்கக் கூடாது. அவள் திரையை மூடினாள்.

திரும்பினால் சாரா நிற்கிறாள். அணியின் போன் குழுவில் எல்லோரும் அந்த எழுத்தைப் பற்றிக் கேட்கிறார்களாம். நோர்வேஜிய மொழியில், நிதானமாக, "எங்கள் பட்டியலுக்குள் உன் ஆட்களை ஏன் விட்டாய்?" என்று கேட்டாள்.

எங்கள் பட்டியல். உன் ஆட்கள். இந்தப் பிள்ளையைப் பெற்று, பாலூட்டி, பனியில் தூக்கிக்கொண்டு திரிந்தேன். "அதில ஒராள் உன்ட சித்தி" என்றேன். தோளைக் குலுக்கிவிட்டு அறைக்குள் போனாள்.

இங்ரிட்டுக்கு நான் என்ன எழுதினேன்? கோயிலையும் நவநாளையும் கஞ்சியையும் இந்த மொழியில் எப்படி எழுதுவது? என் உறவினர்கள், தூரத்தில் இருக்கிறார்கள், உதவி செய்ய ஆசைப்பட்டுவிட்டார்கள், அவர்களுக்குப் பதிலாக நான் நிற்கிறேன் என்று எழுதினேன். "எவ்வளவு அன்பு! பெயர்கள் அப்படியே இருக்கட்டும்" என்று பதில் வந்தது.

7

மே மாதம் முதல் ஞாயிறு. மழை. வாஃபிள் கூட்டுக்குள் நான் மூன்று பேருக்கான வேலையைத் தனியாகச் செய்துகொண்டிருந்தேன். மாவு கையெல்லாம். ரெஜினா இரண்டு கிழமையாகப் பேசவில்லை. தவணை தாண்டிவிட்டது. அவள் முடிவு சொல்லிவிட்டாளா, கையெழுத்து வைத்துவிட்டாளா, ஒன்றும் தெரியாது. போன் எடுக்க எனக்குப் பயம்.

இடைவேளைக்குச் சற்று முன்னால் அன்ரன் எடுத்தார்.

"மச்சாள், அந்தக் குத்தகைக்காரர் வந்து விறாந்தையில இருக்கிறார். உங்கட தங்கச்சியைக் காணேல்ல. கிரவுண்டுக்குப் போயிட்டாவாம். என்ன கோதாரி இது? ஒரு கிழமையா இரவல் வாங்கின லாப்டொப்போட திரியிறா. பணிஸ் ஆர் கொண்டாறது, ஐஸ் ஆர், கப் ஆர் எண்டு கட்டம் கட்டமா அடிச்சு ஊரெல்லாம் அனுப்பியிருக்கிறா!"

என்ன சொல்ல வருகிறார் என்று விளங்க முதலே இன்னொரு செய்தி வந்து விழுந்தது. ரெஜினா அனுப்பிய வீடியோ.

ஊர் மைதானம். புழுதி, வெயில். இரண்டு அணிப் பிள்ளைகள் இடைவேளையில் வரிசையாக நிற்கிறார்கள். ரபீக் நானாவின் லொறி பின்பக்கம் திறந்தபடி. அவர் ஐஸை உடைத்து சர்பத் வாளிக்குள் போடுகிறார். ரெஜினா பணிஸ் தட்டோடு நிற்கிறாள். ஜேர்சித் துணியில் மகேஸ் அண்ணன் வெட்டித் தைத்த எழுத்துகள் இரண்டு கம்பத்துக்கு நடுவில்: "பெர்கன் சாரா அணி உபயம்." ஒலிபெருக்கியில் ஒருவர் மூச்சுப் பிடித்துக்கொண்டு அறிவிக்கிறார்: "இன்றைய தினம் வீரர்களுக்கான சிற்றுண்டி உபயம், நோர்வே நாட்டின் கோல் காப்பாளர் செல்வி சாரா அவர்களும் அவருடைய அணியினரும்! செல்வி சாரா அவர்கள்!" பிள்ளைகள் விசிலடிக்கிறார்கள்.

பெயர் போட்ட நாளில், பெயர் போட்டவர்கள், தங்கள் மைதானத்தில் செய்துவிட்டார்கள்.

எனக்குக் கண்ணைத் துடைக்கவும் கை இல்லை, எல்லாம் மாவு. சாரா கையுறையோடு வாஃபிள் வாங்க வந்து நின்றாள். போனில் இருந்து அவளுடைய பெயர் பெருத்த குரலில் கேட்டது. நான் கத்தினால் முகம் சிவக்கிறவள், கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றிவிட்டுப் போனை வாங்கினாள். பார்த்தாள். மறுபடி போட்டுப் பார்த்தாள். அணிப் பிள்ளைகள் சுற்றி வந்து தலையை நீட்டினார்கள்.

"அந்த ஆள் ஏன் என் பெயரை அப்படிச் சொல்கிறார்?" என்று கேட்டாள்.

"உன்ட பேரில அவங்களுக்குச் சாப்பாடு குடுக்கினம்."

"நான் ஒன்றும் கொடுக்கவில்லையே."

அவள் அந்த வீடியோவை அணியின் குழுவுக்கு அனுப்பிவிட்டு, வாஃபிளை மறந்துவிட்டுக் கோல் கம்பத்துக்கு ஓடினாள்.

பின்னேரம் அன்ரன் மறுபடி எடுத்தார். ரெஜினா வந்து, அந்த மனிசனுக்குத் தேத்தண்ணி கொடுத்து, லாப்டொப்பைத் திறந்து முன்னால் வைத்தாளாம். மூன்று அறை. ஓகஸ்ட் முடியுமட்டும் நாட்கள். பழைய விருந்தாளிகளுக்கு ஒருவர் விடாமல் செய்தி அனுப்பி, மன்னிப்பும் கேட்டு, வரச் சொல்லியிருக்கிறாள். போன வருடம் சத்தம் போட்ட கண்டிக் குடும்பமும் ஒரு கிழமைக்குப் பெயர் கொடுத்திருக்கிறது. ஒரு சிவப்பும் இல்லை. "இதில உங்களுக்கு வேலை இல்ல ஐயா" என்றாளாம்.

"அந்தாள் என்ன சொன்னவர்?"

"தேத்தண்ணி நல்லாயிருக்கெண்டு சொல்லிப்போட்டுப் போயிட்டார்" என்றார் அன்ரன். குரலில் ஒரு பெருமை. இனி என்ன, பெருமை இல்லாமல்!

8

இரண்டு நாள் கழித்து, சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே சாரா கேட்டாள். "அந்த மைதானத்தில் புல் இல்லையா?"

"புல் எங்க, மண்தான்."

"மண்ணில் பாய்ந்தால் முழங்கை உரியுமே."

"உரியும்."

தன் முழங்கையைத் தடவிப் பார்த்துவிட்டு, "கோடை லீவுக்கு அங்கே போகலாமா?" என்றாள். அவளாகக் கேட்டது இதுதான் முதல் தடவை.

அவள் மனம் மாறுவதற்குள், கை கழுவாமலே ரெஜினாவுக்குப் போன் எடுத்தேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். "அதை விடுங்கோ" என்றாள். ஜூலையில் வருகிறோம், முன் அறையை எங்களுக்கு ஒதுக்கி வை என்றேன். கட்டளைதான் போட்டேன், அது அப்பாவின் அறை, அதில் நான் யாரிடம் கேட்க வேண்டும்?

அந்தப் பக்கம் பொத்தான்கள் தட்டுப்படும் சத்தம்.

"ஜூலையில ஒரு றூமும் இல்ல அக்கா."

"என்னடி கதை இது? நான் உன்ட அக்கா!"

"அக்கா எண்டாலும் ஒரு கிரவுண்டில ரெண்டு மட்ச் ஏலாது. நீங்கதானே பழக்கினனீங்க."

கோபம் உச்சிக்கு ஏறியது. எங்கள் வீடு. நான் பிறந்த வீடு. அதில் எனக்கு இடம் இல்லை என்று, நான் படிப்பித்த படிப்பை வைத்தே என் தங்கை சொல்லுகிறாள். "குசினியில படுப்பம் நாங்கள்" என்றேன்.

"குசினியில இனி ஒருத்தரும் படுக்கிறேல்ல" என்றாள் ரெஜினா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபமும் போகவில்லை.

"ஓகஸ்ட் முதல் கிழமை பின் றூம் இருக்கு" என்றாள். "பேர் போடட்டோ? வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ அக்கா. ஒவ்வொரு வருசமும் வாறன் வாறன் எண்டு சொல்லுவீங்க. இதில போட்டா அழிக்க ஏலாது."

பார்ப்போம் என்ற சொல் வழக்கம்போல நாக்கு நுனிக்கு வந்து நின்றது. லீவு கேட்க வேண்டும், சீட்டு விலை பார்க்க வேண்டும், வாஃபிள் அட்டவணைக்கு ஆள் பார்க்க வேண்டும். நான் எழும்பி யன்னலுக்கும் கதவுக்கும் இடையில் நடந்தேன். சாரா சாப்பிடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கும்.

"போடு" என்றேன். "ரெண்டு பேரையும் போடு. போட்டிட்டு உடனே பூட்டு."